மதியம் நான்கு, இரவு ஆறு

08.08.2010 – கேட்ட பணம்: ரூபா 75,00,000
13.08.2010 – கஞ்சிச் செலவு: ரூபா 212.50
14.08.2010 – கொடுத்த பணம்: இல்லை
11.12.2022 – படக்காரர் கதைக்குக் கொடுத்தது: ரூபா 40,000
19.12.2022 – அலுமினியக் கிடாரம் ஒன்று: ரூபா 38,500
22.10.2023 – படம் காட்டிய நேரம்: 1 மணி 52 நிமிடம்

இந்த ஆறு வரிகளில் கண்ணகையின் கையால் செலவானது இரண்டாவது வரி மட்டும்தான். இருநூற்றுப் பன்னிரண்டு ரூபா ஐம்பது சதம். அதில் தேங்காய் இரண்டு அடக்கம். முருங்கை வேலியில் நின்றது, அதற்குக் கணக்கில்லை.

கண்ணகை பிறந்தது 1965இல், ஆரையம்பதியில், முஸ்லிம் ஊரான காத்தான்குடியின் எல்லையோடு ஒட்டிய ஒழுங்கையில். நோன்பு மாதம் வந்தால் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஆமினா உம்மா கஞ்சிச் சட்டியை நீட்டுவார். வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கண்ணகை வாங்குவார். 1986இல் வெல்லாவெளிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். 2005இல் கணவர் வயல்வட்டைக் காவலுக்குப் போன இடத்தில் பாம்பு தீண்டி இறந்தார். மகள் தக்ஷாயினிக்கு அப்போது பத்து வயது. கண்ணகை வீட்டின் பின்பக்கம் ஓர் அடுப்பை மூன்று அடுப்பாக்கிச் சோற்றுப் பார்சல் கட்டத் தொடங்கினார். எத்தனை பார்சல், யாருக்கு, எந்த நேரம் என்பதை மகளின் பழைய பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதி வைப்பார். ஞாபகத்தை நம்பினால் சோறு மிஞ்சும் அல்லது குறையும் என்பது அவர் கொள்கை.

2010 ஓகஸ்ட் ஐந்தாம் திகதி ஜெயந்தன் என்று பெயர் சொன்ன ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்தான். வீதி திருத்துகிற வேலைக்கு வந்திருக்கிறோம், வட்டைக்கரை வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம், நாங்கள் நாலு பேர், இரண்டு நேரமும் சோறு வேண்டும் என்றான். யுத்தம் முடிந்த மறுவருடம். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை முழுக்க வீதிதான் திருத்தினார்கள். கண்ணகைக்கு ஐயப்பட ஒன்றுமில்லை. கொப்பியில் எழுதினார்: மதியம் 4, இரவு 4.

எட்டாம் திகதி மதியம் அது ஐந்தாயிற்று. இரவும் ஐந்து. புதிதாக ஒருவன் வேலைக்குச் சேர்ந்திருப்பான் என்று நினைத்தார்.

பன்னிரண்டாம் திகதி, வியாழக்கிழமை காலை, ஜெயந்தன் வந்து கணக்கை மாற்றினான்.

"அக்கா, இண்டையில இருந்து மத்தியானம் நாலு போதும். ராவைக்கு ஆறு கட்டுங்க."

"ஏன் தம்பி, ஒராள் ஊருக்குப் போயிட்டாரா?"

"இல்லக்கா, ஒருத்தனுக்கு வயித்துக் கோளாறு. பகல்ல ஒண்டும் இறங்குதில்ல."

"பகல்ல இறங்காத வயித்துக்கு ராவையில ரெண்டு பார்சலா? நல்ல கோளாறுதான்."

ஜெயந்தன் சிரித்துவிட்டுப் போனான். கண்ணகையும் சிரித்தார், ஆனால் கொப்பியில் எழுதும்போது பேனை நின்றது. முதல் நாள் பின்னேரம் நோன்புப் பிறை கண்டதாக வானொலியில் சொன்னார்கள். பகலில் உண்ணாமல், பொழுதுபட்ட பிறகு இரண்டு பங்கு எடுக்கிறவன் யார் என்று ஆரையம்பதி எல்லையில் வளர்ந்த ஒருத்திக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. யாரோ ஒரு சோனகப் பிள்ளை கூலிக்கு வந்திருக்கிறது, நோன்பென்று சொல்ல வெட்கப்படுகிறது, அதற்காக இந்தப் பொடியன் வயிற்றுக் கோளாறு என்று கதை சொல்கிறான் என்று எண்ணிக்கொண்டார். அவருக்கு அந்தப் பிள்ளை மேல் இரக்கம் வந்தது. ஊர் விட்டு வந்து, நோன்பு திறக்கக் கஞ்சி கூட இல்லாமல் என்ன நோன்பு?

மறுநாள் பின்னேரம் கஞ்சி காய்ச்சினார். அதுவரை அவர் குடித்திருக்கிறாரே தவிரக் காய்ச்சியதில்லை. அரிசி, தேங்காய்ப்பால், இஞ்சி, உள்ளி, வெந்தயம், ரம்பை எல்லாம் ஞாபகத்திலிருந்து போட்டார். இறைச்சி போடவில்லை. வெள்ளிக்கிழமை, அவர் அடுப்பில் வெள்ளிக்கிழமை மச்சம் ஏறாது, பெருமாளே வந்து கேட்டாலும் ஏறாது. இறைச்சி இல்லாத குறையை நிரப்ப ஒரு பிடி முருங்கை இலையை உருவிப் போட்டார். நோன்புக் கஞ்சிக்கு முருங்கை இலை என்று காத்தான்குடியில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

பார்சலை எடுக்க ஜெயந்தன் வருவதுதான் வழமை. அன்று கஞ்சி ஆறிவிடும் என்று கண்ணகையே சட்டியையும் ஆறு பார்சலையும் தூக்கிக்கொண்டு வட்டைக்கரை வீட்டுக்கு நடந்தார். ஆறு மணிக்குக் கேற்றைத் தட்டினார்.

"இது என்னக்கா?"

"கஞ்சி. நோன்பு புடிக்கிற பிள்ளைக்கு."

ஜெயந்தனின் முகத்தில் இரத்தம் வற்றியது. "ஆர் சொன்ன? இஞ்ச சோனகர் ஒருத்தரும் இல்ல."

"இல்லையெண்டா நீங்க குடிங்களன் தம்பி. கஞ்சிக்கு என்ன சாதியா, சமயமா?"

திருப்பி அனுப்பினால் பேச்சு வளரும் என்று நினைத்தானோ என்னவோ, சட்டியை வாங்கிக்கொண்டு கேற்றைச் சாத்தினான்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சட்டி திரும்பி வந்தது, வழித்துத் துடைத்தாற்போல் காலியாக. ஜெயந்தன் சொன்னான்: "நாளையோட வேலை முடியிது அக்கா. நாளைக்கு மத்தியானத்தோட கணக்கத் தீப்பம்."

அவன் போன பிறகு கண்ணகை சட்டியைக் கழுவிக்கொண்டே யோசித்தார். பத்து நாளாக ஒரு கல்லும் புரளாத இந்த ஊர் வீதியில் வேலை எப்படி முடியும்? நோன்பு பிடிக்கிறவனை இல்லையென்று சொல்ல என்ன தேவை? பொய் சொன்னவன் ஏன் பயந்தான்?

அன்று மதியம் நான்கு பார்சலையும் வழமைபோல் கட்டிக் கொடுத்தார். கொடுக்காவிட்டால் சந்தேகம் வரும் என்ற புத்தி அவருக்கு இருந்தது. இரவுப் பார்சலை நேற்றுப்போல் தானே கொண்டுவருவதாகவும் சொல்லிவிட்டார். மகளை அயலில் விட்டுவிட்டு, கொப்பியை மடியில் செருகிக்கொண்டு 12.10 பஸ்ஸில் ஏறினார். எங்கே போகிறோம் என்று அவருக்கே தெளிவில்லை. பட்டிருப்புப் பாலத்தில் பஸ் ஏறும்போது வாவி வெயிலில் தகரம் போலக் கிடந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒருதரம் யோசித்தார். களுவாஞ்சிக்குடி பஸ் நிலையத்தில் இறங்கியபோது சுவரில் அது ஒட்டியிருந்தது. காணவில்லை. நளீர், வயது 40, கைத்தறிச் சாரம் மொத்த வியாபாரி. ஓகஸ்ட் ஏழாம் திகதி சந்தையிலிருந்து திரும்பும்போது. கீழே காத்தான்குடி விலாசம்.

ஏழாம் திகதி. எட்டாம் திகதி மதியம் ஒரு பார்சல் கூடியது.

பொலிஸ் அடுத்த தெருவில்தான் இருந்தது. ஆனால் பொலிஸில் போய் என்ன சொல்வது? ஒரு கஞ்சிச் சட்டியும் ஒரு பொய்யும் கையில் இருக்கிறது என்றா? வீட்டுக்காரி நம்பினால் போதும், மற்றவர்களை அவள் நம்ப வைப்பாள் என்று காத்தான்குடி பஸ்ஸில் ஏறினார்.

வீட்டை விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது நேரம் நான்கு பத்து என்று நளீரின் மனைவி நஸீபா சொல்கிறார். நான்கரை என்கிறார் கண்ணகை. நஸீபா கடிகாரத்துக்கு நேரே உட்கார்ந்திருந்தவர்; ஆகவே நான்கு பத்து என்றே வைத்துக்கொள்ளலாம். எழுபத்தைந்து லட்சம் கேட்டு எட்டாம் திகதி வந்த தொலைபேசிக்குப் பிறகு ஆறு பேர் வந்து, அவரை அங்கே கண்டேன், இங்கே கண்டேன் என்று காசு கேட்டுப் போயிருந்தார்கள். நஸீபா இதையும் அப்படித்தான் எடுத்தார்.

"நீங்க எவ்வளவு கேக்கப் போறீங்க?"

"எனக்கொண்டும் வேணாம் தங்கச்சி. இதப் பாருங்க." கண்ணகை கொப்பியை விரித்தார்.

நஸீபா விரலை வைத்துப் படித்தார். எட்டாம் திகதியில் விரல் நின்றது. பன்னிரண்டில் மறுபடி நின்றது.

"பகல் நாலு. ராவைக்கு ஆறு." நஸீபாவின் குரல் மாறியது. "அந்த ஆறாவது பார்சல் ஸஹருக்கு. விடியச் சாப்பிடப் பத்திரப்படுத்தி வெச்சிருக்காரு. யா அல்லாஹ், அவரு உசிரோட இருக்காரு."

அதன் பிறகு நடந்தவை விரைவாக நடந்தன. நஸீபாவின் தம்பிமார், பள்ளிவாசல்காரர், பொலிஸ். ஆறு பத்துக்கு ஜீப் வட்டைக்கரை வீட்டுக்கு முன்னால் நின்றபோது ஜெயந்தனே ஓடிவந்து கேற்றைத் திறந்தான். அவன் சோற்றுப் பார்சலைக் காத்துக்கொண்டு நின்றவன். சொன்ன நேரத்துக்குக் கண்ணகை சோறு கொடுக்காத ஒரே நாள் அதுதான். ஒரு வேட்டும் வெடிக்கவில்லை. ஒருவன் பின்பக்கத்தால் ஓடி வயல் சேற்றில் புதைந்து, தூக்கிவிடச் சொல்லிக் கத்தினான்.

நளீர் வெளியே வந்து முதலில் நேரம் கேட்டார். நோன்பு திறக்கும் நேரமான ஆறு பத்தொன்பதுக்குத் தண்ணீர் கேட்டார். மூன்றாவதாகக் கேட்டது, "கஞ்சி காச்சினது ஆரு?"

மறுநாள் குடும்பத்தோடு வெல்லாவெளிக்கு வந்து அவர் சொன்னது: "அக்கா, அவனுகள் ஒரு வாய் வெச்சுப் பாத்திட்டு வெந்தயம் கைக்கிது எண்டு சட்டியோட எனக்கிட்ட தள்ளிட்டானுகள். முதல் வாயிலயே எனக்கு விளங்கிட்டு. இறைச்சி இல்ல. முருங்கை இல கிடக்கு. நாளோ வெள்ளிக்கிழம. இது எங்கட ஆக்கள்ர கை இல்ல, ஒரு தமிழ் அக்காட கை. அப்ப வெளியில ஒராளுக்கு நான் நோன்போட இருக்கிறது தெரியும். அண்டைக்கு ராவுதான் நான் நித்திர கொண்டன்."

"கைச்சதா தம்பி?" என்று மட்டும் கேட்டார் கண்ணகை.

"நல்லாக் கைச்சது."

அந்த வருடம் முதல் நளீர் வீட்டில் நோன்பின் முதல் வெள்ளிக்கிழமை இறைச்சி போடாமல், முருங்கை இலை போட்டுக் கஞ்சி காய்ச்சுகிறார்கள். வெல்லாவெளிக் கஞ்சி என்று பெயர். ஒரு வாளி பஸ்ஸில் கண்ணகைக்கு வரும். ஒரு வருடமும் தவறவில்லை. ஊரடங்கு வருடங்களில் கூட யாரோ ஒரு லொறிக்காரன் கையில் வந்தது.

2012இல் ஊர்ப் பள்ளிக்கூடம் மதிய உணவு சமைக்கக் கண்ணகையைக் கேட்டது. எண்பத்தாறு பிள்ளைகள். தக்ஷாயினி கல்யாணம் முடித்து நாவற்குடாவுக்குப் போன பிறகு கண்ணகைக்கு வீடு என்பதே அந்தப் பள்ளிக்கூடச் சமையலறைதான்.

2022 டிசம்பரில் கொழும்பிலிருந்து படக்காரர் நளீரைத் தேடி வந்தார்கள். உண்மைக் கடத்தல் சம்பவங்களைத் தொலைக்காட்சிப் படமாக எடுக்கிறோம் என்றார்கள். நளீர் சந்தோஷப்பட்டார். கண்ணகை அக்கா செய்தது ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியட்டும் என்ற ஒரே நினைப்பில், நீட்டிய கடதாசியின் கீழே கையெழுத்துப் போட்டார். கிடைத்த நாற்பதாயிரத்தில் அறுபது லீற்றர் கிடாரம் வாங்கிப் பள்ளிக்கூடச் சமையலறையில் இறக்கினார். கதை எழுத வந்த மேனுகா என்ற இளம்பெண் வெல்லாவெளிக்கும் வந்து, அடுப்படியில் உட்கார்ந்து, கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக்கொண்டு போனார்.

2023 ஒக்டோபர் 22, ஞாயிறு, பின்னேரம் ஐந்து மணிக்குப் படம் வந்தது. கண்ணகை வீட்டுக்கு அயலார் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். தக்ஷாயினியும் வந்திருந்தார்.

படத்தில் கண்ணகை இல்லை. கண்மணி இருந்தாள். இருபது வயது, தலை நிறையப் பூ, கடத்தல்காரத் தலைவனின் காதலி. அவள் சோறு கொண்டுபோவாள். எல்லாம் அறிந்துதான் கொண்டுபோவாள். ஒரு தடவை காசுக் கட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொள்வாள். வியாபாரி பாழடைந்த களஞ்சியமொன்றில் சங்கிலியில் தொங்கினார். சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்றது. கடைசியில் தோணிகள் வாவியில் துரத்தின, ஒன்று வெடித்தது, கறுப்புக் கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் இரண்டு கையாலும் சுட்டார், கண்மணி காதலன் மடியில் மனம் திருந்திச் செத்தாள். நோன்பு இல்லை, கஞ்சி இல்லை, கொப்பி இல்லை.

"என்னகா கண்ணகை," என்றாள் அயல்வீட்டு அன்னப்பூரணி, "இப்பிடி ஒரு மாப்பிள இருந்த கதைய எங்களுக்குச் சொல்லவே இல்லையே!"

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணகையும் சிரித்தார். "அது கிடக்கட்டும் புள்ள. ஒரு கிழமையா அஞ்சு பேர் அந்தக் களஞ்சியத்துக்குள்ள இருக்கிறானுகள். ஒருத்தனாவது ஒரு வாய் சோறு திண்டானா? சோத்தக் கொண்டு போறாள், கொண்டு போறாள், ஆரும் பிரிக்கல்லியே!"

சிரிப்பு ஒரு கிழமைதான் தாங்கியது. நவம்பர் முதல் வாரத்தில் ஒரு தாய் பள்ளிக்கூடத்துக்கு வந்து கேட்டார். சண்டைக்கு வந்தவர் அல்ல, பயத்தில் வந்தவர். கீழே 'உண்மைச் சம்பவம்' என்று போட்டார்களே, அப்படியானால் அந்த அம்மா கடத்தல்காரருக்குத் தெரிந்துதானே சமைத்தார், அவர் கையாலா எங்கள் பிள்ளைகள் சாப்பிடுகின்றன? இரண்டாவது தாய், மூன்றாவது தாய் என்று கேள்வி பெருகியது.

பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கூடியது. செயலாளர் வினாயகமூர்த்தி இளைப்பாறிய தபாலதிபர். நளீர் காத்தான்குடியிலிருந்து வந்து நடந்ததை முதலிலிருந்து முடிவுவரை சொன்னார், கொப்பியைக் காட்டினார்.

"நான் நம்புறன் ஹாஜியார்," என்றார் வினாயகமூர்த்தி. "ஆனா படம் பாத்த எல்லாருக்கும் நீங்க வீடு வீடாப் போய்ச் சொல்லேலுமா? சொன்னது டீவி. மாத்திச் சொல்ல வேண்டியதும் டீவிதான். எழுத்தில ஒண்டு வரட்டும். புது வருச வகுப்பு பெப்ரவரி பத்தொன்பதில தொடங்குது. அதுக்குள்ள வராட்டி, அக்கா, சங்கம் வேற ஆள் பாக்கத்தான் வேணும். குறை நினைக்க வேணாம்."

கண்ணகை குறை நினைக்கவில்லை. அன்று பின்னேரம் அறுபது லீற்றர் கிடாரத்தைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு அதன் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார், அவ்வளவுதான். நளீர்தான் வாசலில் நின்று அழுதார்.

"அக்கா, என்னைக் காப்பாத்தினீங்க. நான் உங்கள வித்திட்டு வந்திருக்கன். வாசிக்காமக் கையெழுத்துப் போட்டனே. கற்பனை சேக்கலாம் எண்டு அதுல இருந்திருக்கு."

"நீங்க நல்லதுக்குத்தானே தம்பி போட்டீங்க. நானும் வெந்தயத்த நல்லதுக்குத்தான் போட்டன்."

நளீர் தொலைக்காட்சி நிலையத்துக்கு எழுதினார். முதற் கடிதம் நவம்பர் ஒன்பது, பதில் இல்லை. இரண்டாவது டிசம்பர் நான்கு. இருபத்தெட்டாம் திகதி பதில் வந்தது. உண்மைச் சம்பவத்தைத் தழுவிய படங்களில் பாத்திரங்கள் கற்பனையே, யாரையும் குறிப்பன அல்ல, தங்கள் அன்புக்கு நன்றி.

ஜனவரியில் மேனுகா தானாகவே தொலைபேசியில் பேசினார். "ஆன்ட்டி, கஞ்சிக் காட்சியை நான் எழுதினேன். அவங்க எடுத்தாங்க, நாலு நிமிஷம். ஒரு பொம்பளை அடுப்புக்கு முன்னால நின்னு கொப்பி எழுதினா ஆட்கள் சனலை மாத்திருவாங்கன்னு வெட்டிட்டாங்க. உங்க முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமா இருக்கு. படம் திரும்பவும் போடப் போறாங்க. அதுக்கு முன்னால ஏதாவது செய்யலாம். உங்களுக்கு என்ன வேணும்னு நீங்களே சொல்லுங்க."

நளீர் மானநட்டம் கேட்கலாம் என்றார். தக்ஷாயினி மன்னிப்புக் கேட்கச் சொல்லலாம் என்றார். கண்ணகை ஒரு பகல் முழுக்க யோசித்து, கொப்பியில் ஒரு வரி எழுதினார். அதையே நளீர் மூன்றாவது கடிதத்தில் பிரதி பண்ணி, எட்டாம் திகதிப் பக்கத்தையும் பன்னிரண்டாம் திகதிப் பக்கத்தையும் பிரதியெடுத்து இணைத்து, ஜனவரி பதினேழாம் திகதி பதிவுத் தபாலில் அனுப்பினார்.

ஜனவரி போயிற்று. பெப்ரவரி முதல் வாரமும் போயிற்று. கண்ணகை பிள்ளைகளுக்குச் சமைத்துக்கொண்டே இருந்தார். அரிசி மூட்டையில் எவ்வளவு மிச்சம், உப்பு எந்தப் பேணியில் என்று வரப்போகிறவருக்காக ஒரு தாளில் எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டினார். பள்ளிக்கூட வருடத்தின் கடைசி நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. சோறு, பருப்பு, முருங்கை இலை வறை. கிடாரம் அடுப்பில் இருக்கும்போது வினாயகமூர்த்தி சைக்கிளில் வந்து இறங்கினார். சங்கத்தின் விலாசத்துக்கு வந்த கடிதத்தைக் கையில் வைத்திருந்தார். தபாற்காரன் தரும்வரை பொறுக்காமல் தபாற்கந்தோருக்கே போய் எடுத்து வந்திருந்தார்.

தொலைக்காட்சி நிலையத்தின் கடிதத் தலைப்பில், மேலாளர் ஒப்பமிட்டு, மேனுகாவும் ஒப்பமிட்டிருந்தார். படம் மறுபடி ஒளிபரப்பாகும்போது தொடக்கத்தில் பன்னிரண்டு செக்கன்களுக்குக் கீழ்க்காணும் வாசகம் காட்டப்படும். தங்கள் சங்கத்துக்கு இக்கடிதம் அத்தாட்சியாகும். வாசகம் கண்ணகை எழுதிய வரிதான், ஓர் எழுத்தும் மாறாமல்:

சமைத்தவளுக்கு முதலில் தெரியாது. தெரிந்ததும் போய்ச் சொன்னாள்.

வினாயகமூர்த்தி அதை அடுப்புக்கு முன்னால் நின்று இரண்டு தரம் வாசித்தார். இரண்டாவது தரம் வாசிக்குமுன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், புகை என்றார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார், மெதுவாக உரித்தார்.

"திங்கட்கிழமைக்கு எத்தனை கொத்து அரிசி எடுக்கணும் அக்கா?"

கண்ணகை சொன்னார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நளீருக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னார். தனக்கு இப்போது கை ஈரம் என்றார்.

முப்பத்தைந்து வருடத் தபாற்கந்தோர்ப் பழக்கத்தில் வினாயகமூர்த்தி பேனையை எடுத்து, கடித உறையின் மூலையில் எழுதினார்:

கிடைத்தது: 16.02.2024, வெள்ளி, மு.ப. 11.20.